கடைசிச் சகன்

கலியாண வீட்டில் அவரை முதல் பந்தியில் இருத்த எங்கள் பக்கத்தில் யாராலும் முடிந்ததில்லை. எங்கள் ஊர்களில் விருந்து என்றால் சகன்தான். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்து, எல்லாரும் அந்த ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியில் இருத்துவது மரியாதை. இவரையும் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். “நீங்க தின்னுங்க, நான் பொறகு பாக்கிறன்” என்று கையை விடுவித்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். அங்கே சமையற்காரரிடம் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கடைசிச் சகனுக்குக் கறி கிடக்கா?”

கிடக்கிறது என்று சொன்னால் போதாது. சட்டியின் மூடியைத் திறந்து காட்டவேண்டும். பிறகு பந்தலின் ஓரத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கடைசிப் பந்தி வரைக்கும் காத்திருப்பார். வாடகைத் தட்டு கழுவ வந்தவர்களோடும், வாசலில் வாகனம் பார்த்துக்கொண்டு நின்ற சாரதிமாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்புவார். கலியாண வீட்டுக்காரருக்கு இது பெரிய தொந்தரவு. பெரிய மனிதர் பசியோடு இருக்கிறார் என்று அவர்களும் சரியாகச் சாப்பிடாமல் நிற்பார்கள். அதைச் சொன்னால் அவருக்கு விளங்காது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரே தலைவர் என்றுதான் சொன்னது. நான் மட்டும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டேன்.

நான் மருதமுனைக்காரன். தறிக்காரக் குடும்பம். வாப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தபோது, மகன் சேற்றில் இறங்கி உத்தியோகம் பார்ப்பான் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். விவசாயப் போதனாசிரியர் வேலை கிடைத்து, எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷம் கல்முனைக்குத் தெற்கே ஒரு வயல் பகுதிக்கு என்னைப் போட்டார்கள். கந்தோரில் ஒரு மோட்டார் சைக்கிள் தந்தார்கள். அதன் பின் ஆசனத்தில் அதிகமாக இருந்தவர் அவர்தான். வெள்ளைச் சாரன், நீளக் கைச் சட்டை, தொப்பி, கையில் குடை. மழைக்கும் வெயிலுக்கும் குடையை விரிக்க மாட்டார். பின்னால் இருந்துகொண்டு குடையால் என் தோளைத் தட்டி வழி காட்டுவார். இடது தோளில் தட்டினால் இடது பக்கம். இரண்டு தோளிலும் தட்டினால் நிற்பாட்டு. அந்தக் காலத்தில் என்னை ஓட்டியவரே அவர்தான் என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள்.

அவர் திறமான விவசாயி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அவருடைய வேளாண்மை எப்போதும் ஒரு மாதிரித்தான் இருக்கும். பசளை என்கிற உரத்தைப் போடச் சொன்ன கிழமையில் கூட்டத்துக்குப் போயிருப்பார். மருந்தடிக்க வேண்டிய நாளில் இன்னொருவருடைய வரம்புச் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருப்பார். நான் பேசினால், “ஓம் தம்பி, நீ சொல்றது சரிதான்” என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடை வரவை.

வரவை என்றால் வரம்பு கட்டிப் பிரித்த வயல் துண்டு. வாய்க்கால் எங்கே போய் முடிகிறதோ அங்கே இருக்கிற துண்டுதான் கடை வரவை. தண்ணீர் மேலே குளத்திலிருந்து புறப்பட்டு, பெரிய வாய்க்காலில் வந்து, துருசு என்கிற மதகில் பிரிந்து, ஒவ்வொரு வயலாகக் குடித்து, குடித்து, கடை வரவைக்கு வரும்போது கணுக்காலை நனைக்கக்கூடக் காணாது. எந்த வயலைப் பார்க்கப் போனாலும் துருசடியில் நிற்கமாட்டார். வரம்பில் நடந்து நடந்து கடைசிக்குப் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். கடையில் ஈரம் இருந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். மற்றபடி யார் எவ்வளவு விளைந்தது என்று சொன்னாலும் அவருக்குக் காதில் ஏறாது.

ஊரில் புதுக் கட்டடம் திறந்தாலும், கூட்டுறவுக் கடைக்குச் சீனி வந்தாலும், ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தாலும் அவருக்கு அதே கேள்விதான். கடை வரவைக்குப் போச்சா? பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி பங்கிடுகிற இடத்தில்கூட வரிசையின் வால் பக்கம்தான் அவரைத் தேடவேண்டும். இப்படி ஒரு மனிதரோடு வெளியே திரிவது சுகம். ஆனால் ஒரே வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அந்த வீடு அவருடையது இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பெண்ணுக்குத்தான் வீடும் காணியும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறவர். அவர் இருந்த வீடு அவருடைய மனைவியான மதினிக்கு மதினியின் உம்மா கட்டிக் கொடுத்தது. அவர் செய்த வயலும் மதினியின் சீதனம். அது துருசோடு ஒட்டிய முதல் வயல். வட்டை என்கிற அந்த வயல்வெளியிலேயே அதுபோல வாய்த்த காணி இல்லை. வரம்பில் ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்தால் தண்ணீர் தானாக உள்ளே விழும்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டு, அடைத்து, முறை பிரிக்கிற ஆளை வட்டைவிதானை என்பார்கள். போகம் தொடங்குமுன் நடக்கிற கன்னாக் கூட்டத்தில் விவசாயிகள் கை தூக்கித் தெரிவு செய்வது. தலைவர் முதலில் வகித்த பதவி அதுதான். அந்தக் கூட்டத்தில் எழும்பி, “தண்ணி குறைஞ்ச போகத்தில கடையில இருந்து மேல வரட்டும். துருசடிக்காரனுக்குக் கடைசி” என்றார். மேல் பக்கத்துக்காரர்கள் சத்தம் போட வாய் திறந்துவிட்டு, பிறகு மூடிக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் கடைசியாகத் தண்ணீர் பெறப்போகிறவர் அவரேதான். என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிப்பது?

மதினி அந்தக் கூட்டத்தில் இல்லை. பெண்கள் கன்னாக் கூட்டத்துக்குப் போவதில்லை. காணி மட்டும் அவர்களுடையது.

ஒன்றிரண்டு போகம் அந்த முறை நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு சிறுபோகத்தில் மழை ஏமாற்றிவிட்டது. மேலே குளம் வற்றிக்கொண்டு போனது. நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வெளியே வரக் காத்திருக்கிற நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் வந்த கதிரெல்லாம் பதர்தான். அன்றைக்கு மாவட்டக் கந்தோரான அம்பாறைக் கச்சேரியிலிருந்து செய்தியைக் கொண்டு வந்தவன் நான். மாலையோடு குளத்துக் கதவை அடைக்கப்போகிறார்கள், இந்தப் போகத்துக்கு இனித் தண்ணீர் இல்லை. மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் துருசடியில் மண்வெட்டியோடு நின்றார். தண்ணீர் அவர் காலடியால், மதினியின் வரம்பை உரசிக்கொண்டு, கீழ்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பக்கம் இன்னும் பாய்ந்து முடியவில்லை.

செய்தி எனக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் மதினி வந்து இறங்கினார். கூடவே மூத்த மகள். மதினியை வயலில் அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கண்டேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வரம்பில் நிதானமாக நடந்து வந்து, ஓடுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒரு மண்வெட்டி மண்ணுதானே” என்றார். “எடுத்து விடுங்க.”

“கடையில இன்னம் பாயல்ல புள்ள.”

“பாயட்டும். அரைவாசி அங்கால போகட்டும், அரைவாசி இஞ்சால வரட்டும்.”

“அரைவாசி போனா நடுவுல உள்ளவன் குடிப்பான். கடைக்குப் போய்ச் சேராது.”

மதினி மகளைக் காட்டினார். “இவள்ட வீடு மதிலோட நிக்கிது. இந்தப் போகம் வெட்டினாத்தான் கூரை. அது உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“இது என்ட உம்மா எனக்குத் தந்த காணி. நான் என்ட மகளுக்குக் குடுக்க வெச்சிரிக்கிற காணி. உங்கட காணி இல்ல.”

“ஒன்ட காணி எண்டுதான் எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க” என்றார் அவர். சொல்லும்போது மதினியைப் பார்க்கவில்லை. உண்மைதான். வரம்புகளில் அங்கங்கே ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவருடைய மண்வெட்டி தரையில் கிடந்தது. மதினி அதை எடுத்திருக்கலாம். எடுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அதைத் தாண்டி நடந்து, உழவு இயந்திரத்தில் ஏறிப் போய்விட்டார். மாலையில் வாய்க்கால் வற்றியது. கடை வரவை நனைந்திருந்தது. மதினியின் வயல் அந்த மாதத்துக்குள் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. பச்சையாக நின்ற மற்ற வயல்களுக்கு முன்னால் அது மட்டும் தனியே வெளுத்துப்போய்க் கிடந்தது.

மகளுக்குப் பேசியிருந்த இடம் தவறிப்போனது. வீடு முடியாமல் எங்கள் பக்கத்தில் கலியாணம் இல்லை. நிந்தவூர் மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். வளவுக்குள் அந்தப் புது வீடு கூரையில்லாமல் நின்றது.

மதினி அவரோடு சண்டை பிடிக்கவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவர் செய்தது ஒன்றுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தலைவருக்குச் சோறு. பிள்ளைகள் சாப்பிட்டு, வேலைக்கு வந்த பெண் சாப்பிட்டு, பூனைக்கும் வைத்த பிறகு அவருக்கு முன்னால் தட்டு வரும். ஒருநாள் நான் கூட இருந்தேன். எனக்கு முதலில் வைத்துவிட்டு, அவருக்கு ஒன்றும் வைக்காமல் மதினி உள்ளே போனார். நான் கையைக் கழுவிக்கொண்டு தயங்கினேன்.

“தின்னு தம்பி” என்றார் அவர். “இந்த வீட்டில நான்தான் கடை வரவை.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய பொதுவாழ்வு ஏறத் தொடங்கியது. தன் வயலைக் காயவிட்டுக் கடைசி வயலுக்குத் தண்ணீர் கொடுத்த விதானை என்ற கதை அக்கரைப்பற்று, சம்மாந்துறை என்று பரவியது. மாவட்டத்து விவசாயிகள் சேர்ந்து அவரைத் தலைவராக்கினார்கள். கச்சேரியில் தண்ணீர்க் கூட்டம் என்றால் அவருக்கு ஒரு கதிரை. அரைகுறைச் சிங்களத்தில், மேல் பக்கத்துச் சிங்கள விவசாயிகளிடம், “கல்முனைப் பக்கம் முழுக்கவே உங்கட வாய்க்காலுக்குக் கடை வரவைதான், மறந்துபோகாதீங்க” என்று கேட்டுக்கொள்வார். அவர்களுக்கும் அவரைப் பிடிக்கும். பிறகு மாவட்டச் சபை. பிறகு நெல்லுக்கும் பசளைக்கும் கொள்கை வகுக்கிற ஒரு குழுவில் விவசாயிகளின் பிரதிநிதியாகக் கொழும்புக்கு.

முதல் தடவை கொழும்புக்கு நானும் கூடப் போனேன். நீளமான மேசை. அவரை அதன் கடைசியில் இருத்தினார்கள். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். பசளையை மலிவாகக் கொடுக்கிற திட்டத்தைப் பற்றி எல்லாரும் பேசி முடித்த பிறகு அவர் தன் கேள்வியைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். ஒருவர் சிரித்தார், ஒருவர் தலையாட்டினார், ஒருவர் தேத்தண்ணி வரச் சொன்னார். திட்டம் அப்படியே போனது. திரும்பி வரும் ரயிலில், “விளங்கின மாதிரித்தான் இரிந்திச்சு, என்ன?” என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். அவர் விடவில்லை. மாதா மாதம் போனார். நாலைந்து வருஷக் கேள்விக்குப் பலனாக, பசளை லொறிகள் முதலில் தூரத்துக் கடைகளுக்குப் போய்ப் பிறகு பக்கத்துக் கடைகளுக்கு வரவேண்டும் என்று ஒரு ஒழுங்கு எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. சின்ன விஷயம்தான். அந்த வருஷம் கடைப் பக்கத்து விவசாயிகள் முதன்முதலாகப் பசளையை நேரத்துக்குப் போட்டார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

மேடைகளில் அவரை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தொடங்குவார்கள். “சொந்தக் காணியைக் காயவிட்டு, ஏழை விவசாயியின் வயலை நனைத்த தலைவர் அவர்கள்.” கை தட்டுவார்கள். ஒருமுறை சாய்ந்தமருதில் பெரிய கூட்டம். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் எழும்பி ஒலிபெருக்கியைப் பிடித்து, “அது என்ட காணி இல்ல” என்றார். “என்ட பொஞ்சாதிட காணி.” சனம் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கை தட்டியது. அவர் ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். மதினி அதை வாங்கித் தடவிப் பார்த்தார். நல்ல நெசவு என்றார். அவருக்குத் துணி பார்க்கத் தெரியும்.

“என்னெண்டு கதைச்சாங்க தம்பி? சொந்தக் காணி எண்டா?”

நான் பொன்னாடை சுற்றி வந்த தாளை மடித்தேன்.

“ஊருக்கெல்லாம் தலைவர்” என்றார் மதினி. “என்ட புள்ளைக்கு ஒரு வாப்பா வேணும் எண்டு நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?”

அந்த வருஷங்களில் தலைவர் வீட்டில் தங்குவது குறைந்தது. வயல் வாடியில் படுப்பார். வாடி என்றால் காவலுக்குப் போடுகிற கிடுகுக் குடில். மாவட்டத்துக்கே தெரிந்த மனிதர், யாரும் இல்லாத இடத்தில் ஒரு பாயும் வானொலியுமாகக் கிடந்தார். போய்ப் பார்த்தால், செய்தி கேட்டபடி எழும்பி இருந்து எனக்கு இடம் விடுவார். கொழும்புக் கூட்டத்தைப் பற்றி ஆர்வமாகக் கதைப்பார். வீட்டைப் பற்றிக் கதை வந்தால் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஒரு மனிதரை இவ்வளவு பேர் நேசித்தும் அவரோடு இருந்து சாப்பிட ஒருவர் இல்லை என்பதை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை.

போர் வந்து காலம் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. றோட்டில் சோதனைச் சாவடிகள் வந்தன. சில நாட்களில் வட்டைக்குப் போகவே முடியாது. அந்த நேரத்தில்தான் மகளுக்கு இன்னொரு இடம் சரிவந்தது. பெண்ணுக்கு வயது கூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். வீடு மட்டும் முடியட்டும் என்றார்கள். அந்தச் சிறுபோகமும் வறட்சி.

ஒருநாள் காலை, என் தோளைக் குடையால் தட்டி, வளவுக்குள் அந்த மதிலுக்கு முன்னால் நிற்பாட்டச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தோம். அறைக்குள் ஒரு பப்பாசி மரம் முளைத்து, கதவு நிலையை விட உயரமாக வளர்ந்து, காய்த்திருந்தது. அவர் அதன் தண்டைத் தொட்டுப் பார்த்தார்.

“மகள்ட அறைக்குள்ள பப்பாசி காய்க்கிது தம்பி” என்றார். குசினி வாசலில் மதினி நின்றார். ஒரு முறை கேட்டாயிற்று, இரண்டாம் முறை கேட்கிற பெண் இல்லை அவர்.

அங்கிருந்து நேரே துருசடிக்குப் போனோம். விதானை வேலையை அப்போது ஒரு இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தான். கடைப் பக்கத்துக்காரனின் மகன். முதல் வறட்சியில் தலைவர் நனைத்த கடை வரவை அவனுடைய வாப்பாவினுடையது. குளத்துக் கதவை அடுத்த நாள் அடைக்கிறார்கள். கடையிலிருந்துதான் முறை. தண்ணீர், அன்றைக்குப் போலவே, மதினியின் வரம்பை உரசிக்கொண்டு கீழே ஓடியது. நெல் குடலையில் நின்றது.

எதற்கு வந்திருக்கிறார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. மண்வெட்டியைக் கையில் எடுத்தான்.

“தலைவர், எங்கட பக்கம் நேத்து கொஞ்சம் போன. முழுக்கப் பாயல்ல. நீங்க ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, இப்பவே வெட்டி விர்றன். ஆரும் ஒண்டும் கதைக்க மாட்டாங்க.”

சொல்லுங்க காக்கா, சொல்லித் தொலையுங்க என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து கீழ்ப் பக்கம் பார்த்தார். அங்கேயிருந்து கடை வரவை தெரியாது. பார்க்கவேண்டும் என்றால் நடந்து போகவேண்டும். அன்றைக்கு அவர் நடக்கவில்லை.

“ஓம்” என்றார்.

பையன் மண்வெட்டியை ஓங்கினான். அவர் அதை வாங்கிக்கொண்டார். “ஒன்ட கையால வேணாம் மகன். நாளைக்கு ஒன்ட வாப்பா ஒன்னைக் கேக்கப்படாது.” தானே வெட்டினார். ஒரு மண்வெட்டி மண். தண்ணீர் உள்ளே விழுந்தது. அவர் வரம்பில் குந்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறும்வரை இருந்தார். பிறகு, “தம்பி, கடைப் பக்கம் போவம். வேற ஆரும் சொல்லி அவங்க கேக்கப்படாது” என்றார்.

அங்கே பையனின் வாப்பாவும் இன்னும் சிலரும் வாய்க்கால் கட்டில் தண்ணீரை எதிர்பார்த்து இருந்தார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கியதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். “முறைய நான்தான் மாத்தின. வீட்டுக்காரிட காணிக்கு வெட்டி விட்டுட்டன். உங்கள்ற மகன்ல பிழையில்ல.”

திட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் போலும். அந்த மனிதர் வறண்ட வாய்க்காலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “ஓம் தலைவர். மகள்ட விசயந்தானே. நல்லம். இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். தேத்தண்ணி வந்தது. அவருக்கு முதலில் கொடுத்தார்கள். மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

மதினியின் காணி விளைந்தது. கடைப் பக்கத்தில் அந்தப் போகம் கதிர் பதராகப் போனது. வெட்டு முடியுமுன் தலைவர் எல்லாப் பதவிகளையும் விட்டுவிட்டார். ஏன் என்று சிலர் கேட்டார்கள். வயசு போச்சு என்றார். பெரிதாக வற்புறுத்திக் கேட்டவர்களும் இல்லை. கொழும்புக் குழுவில் அந்தக் கதிரைக்கு வேறொருவர் வந்தார். அவர் திறமையாகப் பேசுவாராம். மேடைகளில் அந்தக் கதையைச் சொல்வதும் நின்றுபோனது.

வீட்டில் அவருக்கு முதலில் தட்டு வரத் தொடங்கியது. மதினி முன்னால் நின்று பரிமாறுவார். “மத்தாக்கள் தின்னட்டும்” என்று அவர் தட்டைத் தள்ளி வைப்பார். “எல்லாருக்கும் கிடக்கு, தின்னுங்க” என்று மதினி மறுபடி தள்ளி வைப்பார். சோறு ஆறிப்போகும்.

பப்பாசி மரத்தை வெட்டி, கூரை போட்டு, வெள்ளையடித்து, கலியாணம் வந்தது. இரவில் ஊரடங்கு என்பதால் சாப்பாடு பகலில். தலைவர் என்னையும் கூட்டிக்கொண்டு கடைப் பக்கத்து ஆட்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லாரும் முகம் மலர்ந்து, “இன்ஷா அல்லாஹ் வாறம் தலைவர்” என்றார்கள். அவர்களை ஏற்றிவர ஒரு வான் பிடித்து அனுப்பினார். பந்தலின் கடைசியில் அவர்களுக்கென்று புதுப் பாய்களைத் தானே விரித்தார்.

முதல் பந்தி நடந்தது. அவரை முதல் சகனுக்கு அன்றைக்கு யாரும் கை பிடித்து இழுக்கவில்லை. அவர் அடுப்படிக்கும் போகவில்லை. பந்தல் வாசலில் நின்று றோட்டைப் பார்த்தார். றோட்டில் அன்றைக்கு ஒரு தடையும் இல்லை. வான் திரும்பி வந்தது. சாரதி மட்டும் இறங்கினான். வயலில் வேலை இருக்கிறது, மன்னிக்கச் சொன்னார்கள் என்றான். அது வெட்டு முடிந்த காலம், வயலில் ஒரு வேலையும் கிடையாது. அவர்களுக்குக் கோபம் இருந்திருந்தால் வந்து சண்டை பிடித்திருப்பார்கள்.

கடைசிப் பந்தியும் எழும்பியது. அந்தப் பாய்களில் சுருக்கம்கூட விழவில்லை. தலைவர் போய் அங்கே உட்கார்ந்தார். சமையற்காரர் ஒரு சகனைக் கொண்டுவந்து வைத்தார். ஐந்தாறு பேருக்கான சோறு, நிறையக் கறியோடு. நான் போய் உட்காரலாமா என்று யோசித்தேன். என் வயிறு நிறைந்திருந்தது. அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆண்கள் எல்லாரும் போன பிறகு, மதினி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். பாயின் ஓரத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“நானும் இன்னம் தின்னல்ல” என்றார்.

அவர் தன் பக்கத்துக் கறியை மதினியின் பக்கம் ஒதுக்கி வைத்தார். இரண்டு பேரும் தலை நிமிராமல் கொஞ்சம் சாப்பிட்டார்கள். சகன் அப்படியே மலைபோல் இருந்தது. கை கழுவிவிட்டு எழும்பும்போது மதினி அந்த வெறும் பாய்களைப் பார்த்தார்.

“இதெல்லாத்தையும் சுருட்டட்டா?”

“கொஞ்சம் கிடக்கட்டும் புள்ள” என்றார் தலைவர்.

பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை பாய்கள் அப்படியே கிடந்தன.